பெருந்தொற்று எங்கே அதிக உயிர்களைப் பறித்தது? இறப்பு எண்ணிக்கைகளை ஒப்பிடும் முறை

1918 நவம்பர் 7ஆம் நாள், ஆக்லாந்திலிருந்து வந்த ‘தலூன்’ என்ற கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் இன்ஃபுளுவென்சா நோயாளிகள் இருந்தனர். ஆயினும் பயணிகள் கரையிறங்குவதை யாரும் தடுக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் அத்தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், ஏறக்குறைய 8,500 பேர், மாண்டனர். அதே தீவுக்கூட்டத்தின் கிழக்குப் பகுதியான அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் பாயர் வெளியிலிருந்து வரும் கப்பல்களைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினார். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒருவர்கூடப் பலியாகவில்லை. இந்த இரண்டு நிலப்பகுதிகளை ஒப்பிட எந்தக் கணக்கியல் நுணுக்கமும் தேவையில்லை. மக்கள் ஒரே இனத்தவர், வாழ்க்கை முறை ஒன்றே, காலமும் ஒன்றே. ஒருபுறம் பேரழிவு, மறுபுறம் பூஜ்யம்.

பெரும்பாலான ஒப்பீடுகள் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. ஒரு நாட்டில் பத்து லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் இன்னொரு நாட்டில் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் படிக்கும்போது, முதல் நாடு ஐந்து மடங்கு மோசமாகப் பாதிக்கப்பட்டது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், முற்றிலும் தலைகீழாகவும் இருக்கலாம். எது என்று அறிய, அந்த இரண்டு எண்களும் எவ்வாறு உருவாயின என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறப்புகளை ஒப்பிடுவதற்கு முன்னால், இறப்புகளை எண்ணிய விதங்களை ஒப்பிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை. பெரும்பாலும் கோவிட்-19 காலத்து எண்களையே எடுத்துக்காட்டுகளாகக் கொள்கிறேன். அவையே நம் நினைவில் புதிதாக இருப்பவை, அவற்றுக்கே தரவுகளும் அதிகம்.

மக்கள்தொகையால் வகுத்தல்

முதல் படி எளிது. 2021ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்காவில் கோவிட் இறப்புகளாக அறிவிக்கப்பட்டவை 8 லட்சத்துக்கும் மேல். பெருவில் 2 லட்சத்துக்குச் சற்று மேல். ஆனால் அமெரிக்காவின் மக்கள்தொகை ஏறக்குறைய 33 கோடி, பெருவின் மக்கள்தொகை ஏறக்குறைய 3.3 கோடி. ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை இறப்புகள் என்று வகுத்துப் பார்த்தால் அமெரிக்காவுக்கு ஏறக்குறைய 250, பெருவுக்கு ஏறக்குறைய 600 என்று வருகிறது. மொத்த எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்காகத் தோன்றிய நாடு, விகிதத்தில் இரண்டு மடங்குக்கும் மேலாக அடிபட்டிருக்கிறது.

மொத்த எண்ணிக்கைக்குப் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. எத்தனை குடும்பங்களுக்கு உதவித்தொகை தேவை, எத்தனை குழந்தைகள் பெற்றோரை இழந்தார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு மொத்த எண்ணிக்கைதான் விடை தரும். ஆனால் ஒரு சமூகத்தின் மீது நோய் எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று கேட்டால், விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். மிகச் சிறிய மக்கள்தொகைகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சான் மரினோவில் வாழ்பவர்கள் ஏறக்குறைய 34,000 பேர். அங்கே ஒரே ஒரு இறப்பு கூடினாலும் லட்சத்துக்கான விகிதம் ஏறக்குறைய 3 கூடிவிடும். 2020ஆம் ஆண்டின் முதல் பாதியில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட இறப்புகளுடன் அந்நாடு உலகப் பட்டியலின் உச்சியில் நின்றதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும். அதன் மக்கள் பட்ட துன்பம் உண்மையானது. எனினும், அந்த எண்ணைக் கொண்டு பெரிய நாடுகளுடன் அதை வரிசைப்படுத்துவது பொருத்தமாகாது.

நோயாளிகளால் வகுப்பதில் உள்ள சிக்கல்

இன்னொரு விகிதமும் செய்திகளில் அடிக்கடி வரும்: நோய் உறுதி செய்யப்பட்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்பது. இதை நோயாளி இறப்பு விகிதம் என்பர். இது மேலே சொன்ன மக்கள்தொகை விகிதத்திலிருந்து முற்றிலும் வேறானது. ஆனால் இரண்டையும் ‘இறப்பு விகிதம்’ என்ற ஒரே பெயரால் குறிப்பிடுவதால் பெருங்குழப்பம் ஏற்படுகிறது. மக்கள்தொகை விகிதத்தில் நோய் எவ்வளவு பரவியது என்பதும் எவ்வளவு கொன்றது என்பதும் சேர்ந்தே அடங்கியிருக்கின்றன. நோயாளி விகிதமோ, நோய் வந்தவருக்கு என்ன ஆனது என்பதை மட்டும் காட்ட முயல்கிறது.

‘முயல்கிறது’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. யாருக்கெல்லாம் பரிசோதனை செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து இந்த விகிதம் வெகுவாக மாறும். மருத்துவமனைக்கு வரும் அளவுக்கு நோய் முற்றியவர்களை மட்டும் பரிசோதிக்கும் நாட்டில், லேசான நோயாளிகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். வகுக்கும் எண் சிறுத்துப்போவதால் விகிதம் வீங்கிவிடும். தும்மியவர்களையெல்லாம் பரிசோதிக்கும் நாட்டில் அதே நோய், அதே சிகிச்சை, அதே இறப்புகள் இருந்தும் விகிதம் சிறியதாகத் தெரியும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு முக்கியமானதாக இருந்ததன் காரணம் இதுவே. அதில் இருந்தவர்கள் 3,711 பேர். அறிகுறி இல்லாதவர்களும் பரிசோதிக்கப்பட்டார்கள். தொற்றியவர்கள் 712 பேர் என்று தெரிந்தது. தொற்றியவர்களின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்த மிகச் சில இடங்களில் அந்தக் கப்பலும் ஒன்று. தொற்றிய அனைவரையும் கொண்டு வகுக்கும் விகிதத்தைத் தொற்று இறப்பு விகிதம் என்பர். நோயின் உண்மையான கொடுமையை அறிய அதுவே ஏற்றது, ஆனால் ஒரு முழு நாட்டுக்கு அதைக் கணக்கிடுவது மிகக் கடினம்.

அந்தக் கப்பலிலும் ஒரு விலகல் இருந்தது. அதில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். ஆகவே அதன் விகிதத்தை அப்படியே ஒரு நாட்டின் மீது பொருத்திவிட முடியாது. இப்போது நாம் இந்த விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம்.

வயது

கோவிட்-19 நோயைப் பொறுத்தவரை வயதைப் போல இறப்பைத் தீர்மானித்த காரணி வேறெதுவும் இல்லை. 2020ஆம் ஆண்டின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு விரிவான மதிப்பீட்டின்படி, தடுப்பூசி வருவதற்கு முன்னர் தொற்றியவர்களில் இறந்தவர்கள் 25 வயதில் பத்தாயிரத்தில் ஒருவர், 65 வயதில் நூற்றில் ஒருவருக்குச் சற்று மேல், 85 வயதில் நூற்றில் ஏறக்குறைய 15 பேர். இருபத்தைந்து வயதினருக்கும் எண்பத்தைந்து வயதினருக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இது. ஜப்பானின் நடு வயது 48ஐ ஒட்டியது. நைஜரின் நடு வயது ஏறக்குறைய 15. அதாவது நைஜரின் மக்களில் பாதிப்பேர் பதினைந்து வயதுக்கும் குறைந்த சிறுவர் சிறுமியர். இரு நாடுகளிலும் எல்லாருக்கும் இந்நோய் தொற்றியிருந்தால், மருத்துவ வசதி எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், லட்சத்துக்கான இறப்பு ஜப்பானிலேயே அதிகமாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அதை வைத்து ஜப்பானின் மருத்துவம் தோற்றுவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்தச் சிக்கலை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டுகிறேன். அ, ஆ என்று இரண்டு மாநிலங்கள். ஒவ்வொன்றிலும் 10 லட்சம் பேர். அ மாநிலத்தில் 65 வயதைக் கடந்தவர்கள் 50,000 பேர் மட்டுமே. ஆ மாநிலத்தில் 2 லட்சம் பேர். அ மாநிலத்தில் இளையவர்களில் லட்சத்துக்கு 40 பேரும் முதியவர்களில் லட்சத்துக்கு 1,000 பேரும் இறந்தார்கள் என்று கொள்வோம். ஆ மாநிலத்தில் அந்த விகிதங்கள் 25, 600. இரண்டு வயதுப் பிரிவுகளிலும் ஆ மாநிலமே உயிர்களைச் சிறப்பாகக் காத்திருக்கிறது. ஆனால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். அ மாநிலத்தில் 9,50,000 இளையவர்களில் 380 பேர், 50,000 முதியவர்களில் 500 பேர், ஆக 880 இறப்புகள். ஆ மாநிலத்தில் 8 லட்சம் இளையவர்களில் 200 பேர், 2 லட்சம் முதியவர்களில் 1,200 பேர், ஆக 1,400 இறப்புகள். லட்சத்துக்கு 88க்கு எதிராக 140. செய்தியின் தலைப்பு ஆ மாநிலத்தைத்தான் குற்றம் சாட்டும்.

இதைச் சரிசெய்யும் முறைக்கு வயதுச் சீராக்கம் என்று பெயர். இரு மாநிலங்களுக்கும் ஒரே மாதிரியான வயது அமைப்பு இருந்திருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிடுவதே அது. முதியவர்கள் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு பொதுவான மக்கள்தொகையை வைத்துக்கொள்வோம். அ மாநிலத்தின் விகிதங்களை அதில் இட்டால் லட்சத்துக்கு 36உம் 100உம் சேர்ந்து 136 இறப்புகள். ஆ மாநிலத்தின் விகிதங்களை இட்டால் 22.5உம் 60உம் சேர்ந்து 82.5 இறப்புகள். வரிசை தலைகீழாகிவிட்டது. ஒப்பீடு செய்வோர் அனைவரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் இத்தகைய பொது மக்கள்தொகை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது. அதில் வரும் விடை எங்கும் நிகழ்ந்த இறப்புகளின் எண்ணிக்கை ஆகாது. ஒப்பிடுவதற்காக மட்டுமே உருவாக்கப்பட்ட எண் அது. பலர் இந்த இடத்தில் தயங்கி, உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையே போதும் என்று திரும்பிவிடுகிறார்கள். அது தவறு என்றே கருதுகிறேன். நடந்தது என்ன என்று சொல்ல உண்மையான எண்ணிக்கை வேண்டும். யார் எவ்வளவு நன்றாகச் சமாளித்தார்கள் என்று சொல்ல சீராக்கிய விகிதம் வேண்டும்.

இந்தத் தலைகீழ் மாற்றம் கற்பனையில் மட்டும் நிகழ்வதில்லை. 2020 பிப்ரவரியில் சீனா வெளியிட்ட 44,672 நோயாளிகளின் விவரங்களில் இறப்பு 2.3 சதவீதம். மார்ச் மாதத் தொடக்கத்தில் இத்தாலியில் அது 4 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இத்தாலியில் வைரஸ் கொடியதாக மாறிவிட்டதோ என்று அன்று பலர் அஞ்சினர். ஆனால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இத்தாலியின் விகிதம் சீனாவினதைவிடக் குறைவாகவே இருந்ததைக் கண்டனர். இத்தாலியில் உறுதி செய்யப்பட்ட நோயாளிகளில் எழுபதைக் கடந்தவர்களின் பங்கு மிக அதிகம். மொத்த விகிதத்தை உயர்த்தியது அதுவே.

வயதின் விளைவு எல்லா நோய்களுக்கும் ஒரே திசையில் இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா 20 முதல் 40 வயது வரையிலான இளைஞர்களை வழக்கத்துக்கு மாறாக அதிக அளவில் கொன்றது. அந்நோய்க்கு எதிரில் இளமையான மக்கள்தொகை பாதுகாப்பாக அமையவில்லை. ஆகவே ஒரு பெருந்தொற்றில் கற்ற சூத்திரத்தை அடுத்ததற்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. முதலில் அந்த நோய் யாரைத் தாக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

எது ‘தொற்றால் நிகழ்ந்த இறப்பு’?

இதுவரை, இறப்புகள் சரியாக எண்ணப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொண்டே பேசினோம். உண்மையில் பிரதேசங்களுக்கு இடையே தோன்றும் வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த எண்ணும் கட்டத்திலேயே உண்டாகிவிடுகிறது.

2020 வசந்த காலத்தில் பெல்ஜியம் உலகிலேயே மிக அதிகமான இறப்பு விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யப்படாமல் இறந்தவர்களையும், அறிகுறிகளைக் கொண்டு கோவிட் என்று சந்தேகிக்கப்பட்டால், அந்நாடு தன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. அதே வாரங்களில் வேறு பல நாடுகள் மருத்துவமனைகளில் பரிசோதனையால் உறுதியான இறப்புகளை மட்டும் அறிவித்தன. நேர்மையாக எண்ணிய நாடு பட்டியலில் மேலே போய் நின்றது. பிரிட்டன் வேறொரு வகையில் தடுமாறியது. இங்கிலாந்தில் ஒருமுறை தொற்று உறுதியான ஒருவர் எத்தனை மாதம் கழித்து எந்தக் காரணத்தால் இறந்தாலும் கோவிட் இறப்பாகவே கணக்கிடப்பட்டார். 2020 ஆகஸ்டில் ‘தொற்று உறுதியான 28 நாட்களுக்குள்’ என்ற வரம்பு கொண்டுவரப்பட்டபோது நாட்டின் மொத்த எண்ணிக்கையிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட இறப்புகள் ஒரே நாளில் நீங்கின. உண்மை நிலவரத்தில் எந்த மாற்றமும் இல்லை, வரையறைதான் மாறியது.

எல்லாவற்றிலும் பெரிய திருத்தம் பெருவில் நிகழ்ந்தது. 2021 மே 31 வரை அந்நாட்டின் அதிகாரபூர்வ எண்ணிக்கை ஏறக்குறைய 69,000. அன்று அரசு அமைத்திருந்த வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி அது 1,80,000ஐத் தாண்டிய எண்ணாகத் திருத்தப்பட்டது. அதுவரை பரிசோதனை முடிவே முக்கியச் சான்றாக இருந்தது. இறப்புச் சான்றிதழில் மருத்துவர் எழுதிய காரணம், நுரையீரல் படங்கள், உறுதியான நோயாளியுடன் இருந்த தொடர்பு ஆகியவற்றையும் சான்றாக ஏற்றுக்கொண்டதும் எண்ணிக்கை இரண்டரை மடங்கானது. மக்கள்தொகை விகிதத்தில் பெரு அன்று உலகின் முதலிடத்துக்கு வந்தது. இந்த இடத்தை வாசகர் நிதானமாகக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மே 30 அன்று பெருவையும் வேறொரு நாட்டையும் ஒப்பிட்டவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார், ஜூன் 1 அன்று ஒப்பிட்டவர் வேறொரு முடிவுக்கு வந்திருப்பார். இடையில் மாறியது எண்ணும் விதம் மட்டுமே. தன் எண்ணிக்கையைத் தானே இப்படித் திருத்திக்கொள்ளும் துணிவு பல அரசுகளுக்கு வரவில்லை. அதனால் பெருவின் முதலிடத்தை அதன் துயரத்தின் அடையாளமாக மட்டும் கொள்ளாமல், அதன் நேர்மையின் அடையாளமாகவும் காண்பதே நியாயம்.

மிகை இறப்பு

வரையறைகள் இப்படி வேறுபடும்போது, காரணத்தையே கேட்காமல் எண்ணும் வழி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்ப்பது. பெருந்தொற்று இல்லாதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடுவது. முன்னதிலிருந்து பின்னதைக் கழிப்பது. மிஞ்சுவதே மிகை இறப்பு. இது புதிய கருத்து அன்று. லண்டனின் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார், 1847ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா அலையை இதே வழியில் அளந்தார். நோயின் பெயரில் பதிவான இறப்புகளைவிட, வழக்கத்துக்கு மேலாக நிகழ்ந்த இறப்புகள் பன்மடங்கு என்பதை அவர் கண்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் உலகெங்கும் நிகழ்ந்த மிகை இறப்புகள் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம். அதே காலத்தில் நாடுகள் அறிவித்த கோவிட் இறப்புகள் 54 லட்சம் மட்டுமே. அதாவது ஏறக்குறைய மூன்று இறப்புகளுக்கு ஒன்றுதான் கணக்கில் வந்திருந்தது. அந்த மிகை இறப்புகளில் 81 சதவீதம் நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. உயர் வருமான நாடுகளின் பங்கு 15 சதவீதம். அதுவரை வெளிவந்த பட்டியல்களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மட்டுமே பெரிதாகத் தெரிந்ததற்கு, அங்கே எண்ணுவதற்கு ஆள் இருந்தார்கள் என்பதும் ஒரு முக்கியமான காரணம்.

மிகை இறப்பில் நோயால் நேரடியாக இறந்தவர்கள் மட்டும் அடங்குவதில்லை. படுக்கை கிடைக்காத மாரடைப்பு நோயாளியும், பயத்தால் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தவரும் அதில் அடங்குவர். மாறாக, சாலைகள் வெறிச்சோடியதால் நிகழாமல் போன விபத்துகளும், முகக்கவசத்தாலும் ஊரடங்காலும் வராமல் போன பருவக் காய்ச்சல்களும் அதிலிருந்து கழிகின்றன. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 2020ஆம் ஆண்டில் எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள். அங்கே மிகை இறப்பு எதிர்ம எண்ணாக வந்தது. ஆகவே இது வைரஸின் கணக்கு என்பதைக் காட்டிலும், அந்தக் காலத்தின் மொத்தக் கணக்கு என்பதே பொருந்தும். பிரதேசங்களை ஒப்பிடுவதற்கு அதுதான் மிகவும் பயன்படும் என்பது என் கருத்து, ஏனெனில் பிணத்துக்கு எந்தப் பெயர் சூட்டப்பட்டது என்ற வழக்குக்கே அதில் இடமில்லை.

ஆனால் ‘எதிர்பார்த்த இறப்பு’ என்பதை யாரும் நேரில் கண்டதில்லை. அது கணித்தே பெறப்படுவது. பெரும்பாலோர் கடந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். முதியோர் தொகை ஆண்டுதோறும் பெருகிவரும் நாட்டில் பெருந்தொற்று இல்லாவிட்டாலும் இறப்புகள் கூடிக்கொண்டே போகும். அங்கே பழைய சராசரி எதிர்பார்ப்பைக் குறைத்துக் காட்டி, மிகையை ஊதிவிடும். போக்கை நீட்டிக் கணிக்கும் முறையும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. உலக சுகாதார நிறுவனம் முதலில் ஜெர்மனிக்கு ஏறக்குறைய 1,95,000 மிகை இறப்புகள் என்று மதிப்பிட்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு சிறிய தாழ்வைக் கணிப்பு முறை அளவுக்கு மீறி நீட்டிவிட்டதை வல்லுநர்கள் சுட்டிக்காட்டிய பின்னர், அது ஏறக்குறைய 1,22,000 ஆகத் திருத்தப்பட்டது. இறப்புப் பதிவு மிகச் சிறப்பாக இருக்கும் நாட்டிலேயே எதிர்பார்ப்புக் கோட்டின் சாய்வு மட்டும் இவ்வளவு வேறுபாட்டைத் தந்துவிட்டது.

மிகை இறப்பை, எதிர்பார்த்த இறப்பின் சதவீதமாகச் சொல்வதும் உண்டு. 10,000 பேர் இறந்திருக்க வேண்டிய இடத்தில் 12,000 பேர் இறந்தால் அது 20 சதவீத மிகை. முதியோர் அதிகமுள்ள இடத்தில் எதிர்பார்க்கும் இறப்பும் அதிகமாகவே இருக்கும் என்பதால் வயது வேறுபாட்டை இது ஓரளவுக்கு ஈடுகட்டிவிடுகிறது.

பதிவேடு இல்லாத இடங்கள்

மிகை இறப்பைக் கணக்கிட, எல்லா இறப்புகளும் பதிவாக வேண்டும். உலகின் கணிசமான பகுதியில் அது நடப்பதில்லை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பிறந்ததற்கும் இறந்ததற்கும் எந்தப் பதிவும் இல்லாமல் வாழ்ந்து மறைவோர் ஏராளம். அத்தகைய நாட்டின் குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து ‘அங்கே நோய் பெரிதாகத் தாக்கவில்லை’ என்று சொல்வதற்கும், அங்கே நோய் தாக்கவில்லை என்பதற்குச் சான்று இருப்பதற்கும் நெடுந்தூரம்.

1918இல் பிரிட்டிஷ் இந்தியாவில் நிகழ்ந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காய்ச்சலின் உச்சத்தில் இறப்புகளைப் பதிவு செய்ய வேண்டிய ஊர் அலுவலர்களே நோயில் விழுந்ததால், எப்போது பதிவேடு மிக அவசியமோ அப்போதே அது குலைந்தது. முதல் மதிப்பீடுகள் 60 லட்சத்தை ஒட்டி இருந்தன. 1921ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அது 1.2 கோடிக்கு மேல் உயர்ந்தது. பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 1.4 கோடியிலிருந்து 2 கோடி வரை விரிந்து கிடக்கின்றன. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911க்கும் 1921க்கும் இடையில் மக்கள்தொகை பெருகாமல் சற்றுக் குறைந்தே போயிற்று. பதிவேடு தவறவிட்டதைக் கணக்கெடுப்பு காட்டிக்கொடுத்தது.

கோவிட் காலத்திலும் இந்தியா குறித்த மதிப்பீடே மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது. 2021 முடிய அரசு அறிவித்த கோவிட் இறப்புகள் ஏறக்குறைய 4.8 லட்சம், உலக சுகாதார நிறுவனத்தின் மிகை இறப்பு மதிப்பீடு ஏறக்குறைய 47 லட்சம். நாடு முழுவதற்குமான பதிவு எண்கள் அப்போது கையில் இல்லாததால், சில மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு மாதிரி அமைத்தே அந்த மதிப்பீடு செய்யப்பட்டது. அந்த முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. பின்னர் வெளியான குடிமைப் பதிவு விவரங்களின்படி 2019இல் பதிவான இறப்புகள் ஏறக்குறைய 76 லட்சம், 2020இல் 81 லட்சம், 2021இல் 1 கோடியே 2 லட்சம். இந்த ஏற்றத்தை முழுவதும் மிகை இறப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பதிவு செய்யும் வழக்கம் ஆண்டுதோறும் மேம்பட்டு வந்ததன் பங்கும் அதில் உண்டு. பதிவாகாமலே போனவையும் உண்டு. ஒன்று எண்ணைக் கூட்டுகிறது, மற்றொன்று குறைக்கிறது. இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் மக்கள்தொகை ஆய்வாளர்களின் கடினமான வேலை.

எல்லையும் காலமும்

எந்த எல்லைக்குள் எண்ணுகிறோம் என்பதும் விடையை மாற்றும். இத்தாலியின் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்கின்படி, 2020 மார்ச்சில் நாடு முழுவதும் நிகழ்ந்த இறப்புகள் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 49 சதவீதம் அதிகம். வடக்கே பெர்கமோ மாகாணத்தில் மட்டும் பார்த்தால் அது 568 சதவீதம் அதிகம். வழக்கமான மார்ச் மாதத்தைப் போல ஆறரை மடங்குக்கு மேல். நோய் அதிகம் பரவாத மாகாணங்களிலோ அம்மாதம் இறப்புகள் சராசரியைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தன. ‘இத்தாலி’ என்ற ஒற்றை எண் இந்த இரு உலகங்களையும் கலந்து, இரண்டிலும் நிகழாத ஒன்றைச் சொல்கிறது. ஒரு பெரிய நாட்டின் சராசரியை ஒரு சிறிய நாட்டுடன் ஒப்பிடும்போதெல்லாம் இந்தக் கலப்பு நிகழ்கிறது.

காலமும் அப்படியே. அலைகள் எல்லா இடங்களையும் ஒரே நாளில் அடைவதில்லை. முதல் அலையில் தப்பிய நாடுகள் சில பிந்தைய அலைகளில் கடுமையாக அடிபட்டன. கிழக்கு ஐரோப்பாவில் 2020 வசந்தத்தில் ஏறக்குறைய ஒன்றும் நேராத பல்கேரியா, 2021 முடிவதற்குள் உலகின் மிக உயர்ந்த இறப்பு விகிதம் கொண்ட நாடுகளுள் ஒன்றாகியது. 2020 ஜூன் மாதத்தில் பல்கேரியாவையும் பெல்ஜியத்தையும் ஒப்பிட்டு எழுதியவர், பல்கேரியா தப்பியதற்குக் காரணங்களை அடுக்கியிருப்பார். அலை வந்து சேராததற்கும் அலையைத் தடுத்ததற்கும் வேறுபாடு, அலை ஓய்ந்த பின்னர்தான் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது ஒற்றை எண்ணாக இருக்காது, ஒரு வீச்சாகவே இருக்கும். உலக மதிப்பீடான 1 கோடியே 49 லட்சத்துக்குத் தரப்பட்ட வீச்சு 1.33 கோடி முதல் 1.66 கோடி வரை. இந்தியாவுக்கு 33 லட்சம் முதல் 65 லட்சம் வரை. பதிவேடு வலுவாக உள்ள நாடுகளில் இந்த வீச்சு குறுகியும், பலவீனமாக உள்ள நாடுகளில் அகன்றும் இருக்கும். இரு நாடுகளின் வீச்சுகள் ஒன்றன்மீது ஒன்று பெருமளவு படிந்திருந்தால், நடுவில் உள்ள எண்களை வைத்து ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நிறுத்துவதற்கு ஆதாரம் இல்லை. பெருவின் மிகை இறப்பு நியூசிலாந்தினதைவிட அதிகம் என்று உறுதியாகச் சொல்லலாம். அவற்றின் வீச்சுகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. பதிவேடு இல்லாத இரண்டு அண்டை நாடுகளில் எது பதினோராவது, எது பன்னிரண்டாவது என்ற கேள்விக்கு விடை சொல்லும் தரவு யாரிடமும் கிடையாது. அந்நாடுகளில் இறப்புப் பதிவு வலுப்பட்டாலொழிய அடுத்த பெருந்தொற்றிலும் அது கிடைக்காது.